ஜானு சொன்ன இன்னொரு கதை

'96' படம் என்றாலே எல்லோரும் கரண்ட் போகிற காட்சியைத்தான் சொல்வார்கள். பள்ளி நாளில் நேசித்த ராமும் ஜானுவும் பல வருடம் கழித்துச் சந்தித்துக்கொண்ட ராத்திரி அது. ராம் சமையலறையில் இருக்கிறான். வீடு இருட்டாகிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் கேட்டுக் கேட்டும் பாடாமல் தள்ளிக்கொண்டே வந்த அந்த 'தளபதி' படத்துப் பாட்டை ஜானு அந்த இருட்டில் பாட ஆரம்பிக்கிறாள். அவன் தட்டுத்தடுமாறி வெளிச்சத்தோடு ஓடி வருகிறான். தியேட்டரில் எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனாலும் அந்தப் படத்தின் உயிர் வேறொரு காட்சியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ராமிடம் போட்டோகிராபி கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் ஜானுவைப் பார்த்து, அவன் மனைவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் காதல் கதையைச் சொல்லுங்கள் என்று சூழ்ந்துகொள்கிறார்கள். ஜானு மறுக்கவில்லை. கல்லூரிக்கு அவன் என்னைத் தேடி வந்தான், நான் போய்ப் பார்த்தேன், நாங்கள் சேர்ந்துவிட்டோம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். நடந்தது அதுவல்ல. அவன் தேடி வந்தது உண்மை. வந்தவன் யாரோ தொல்லை கொடுக்கிறவன் என்று நினைத்து அவள் பார்க்க மறுத்ததும் உண்மை. வந்தது ராம் என்பதே அவளுக்கு அன்றைக்கு ராத்திரிதான் தெரியும். தெரிந்து அழுது முடித்த கையோடு, நடக்காமல் போன வாழ்க்கையை அவன் எதிரிலேயே உட்கார்ந்து சொல்கிறாள். அவன் வாயடைத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இருபது வருடத்துக்கு மேலாக அவன் மனசுக்குள்ளேயே இருந்த கதை அது. அதை அவள் எடுத்துக்கொண்டு தன் வாயால் சொல்கிறாள். தமிழ் சினிமாவில் முதல் காதல் கதையை அந்தப் பெண்ணே சொல்லிக் கேட்பது எவ்வளவு அபூர்வம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

யோசித்துப் பாருங்கள். நம் படங்களில் முதல் காதல் என்றால் ஒரு ஆண் நினைத்துப் பார்ப்பது. அவன் ரயிலிலோ பஸ்ஸிலோ ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான், இளையராஜாவோ வேறு யாரோ பின்னால் வாசிப்பார்கள், ரெட்டைப் பின்னலும் தாவணியுமாக ஒரு பெண் வயல் வரப்பில் திரும்பிப் பார்ப்பாள். அவள் பார்க்கப்படுகிறவள். பிறகு நினைக்கப்படுகிறவள். அவள் என்ன பார்த்தாள், என்ன நினைத்தாள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

சேரனின் 'ஆட்டோகிராப்' 2004இல் வந்தபோது ஊரே கொண்டாடியது. தேசிய விருதும் கிடைத்தது. எனக்கும் பிடித்த படம்தான், இப்போது டிவியில் போட்டாலும் சேனலை மாற்ற மாட்டேன். செந்தில் தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். பள்ளியில் நேசித்த கமலாவைத் தேடிப் போகிறான். கேரளத்தில் லத்திகாவைத் தேடிப் போகிறான். கமலா வறுமையில், பிள்ளைகளோடு இருக்கிறாள். லத்திகா வெள்ளைச் சேலையில் நிற்கிறாள். அவன் உடைந்து அழுகிறான். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் கேமரா அவன் முகத்தில் இருக்கிறது. வாழ்ந்து கெட்டவள் அவள், அழுகைக் காட்சி அவனுக்கு. லத்திகா அந்த வீட்டு வாசலுக்குள் போன பிறகு அவளுடைய அந்த ராத்திரி எப்படிப் போயிருக்கும் என்று அந்தப் படம் ஒருபோதும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. கடைசியில் எல்லோரும் அவன் கல்யாணத்துக்கு வந்து வாழ்த்துகிறார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2002 பொங்கலுக்கு, தங்கர் பச்சானின் 'அழகி'. 'கல்வெட்டு' என்ற தன் சிறுகதையை அவரே படமாக்கினார். பண்ருட்டிப் பக்கத்து மண்ணை அவ்வளவு நெருக்கத்தில் அதற்கு முன் யாரும் காட்டியதில்லை. சின்ன வயது தனலட்சுமியும் சண்முகமும் பள்ளிக்கூடத்தில் இருக்கும் பகுதியை இன்றைக்குப் பார்த்தாலும் மனசு கரையும். பிறகு அவளை வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். இவன் படித்து, சென்னையில் நல்ல நிலைக்கு வந்து, வளர்மதியைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு இருக்கும்போது, நடைபாதையில் மகனோடு வாழும் தனலட்சுமியைப் பார்க்கிறான். அவளைத் தன் வீட்டுக்கே வேலைக்காரியாகக் கொண்டுவருகிறான். நந்திதா தாஸ் அந்த வீட்டுக்குள் நடமாடுகிற விதம் இருக்கிறதே, சுவரோடு சுவராக, யார் கண்ணிலும் படாமல், அதற்காகவே அந்தப் படத்தைப் பார்க்கலாம். இந்தப் படத்தைப் பற்றிக் கடைசியில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெண்ணுக்கு முதல் காதல் இருந்த படங்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஆனால் அவற்றின் விதியைப் பாருங்கள். ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962இல் வந்தது. சீதாவின் கணவன் புற்றுநோயோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறான். வைத்தியம் பார்க்கிற டாக்டர் அவளுடைய பழைய காதலன். கணவன் பெருந்தன்மையாக, நான் இறந்தால் நீ இவரையே மணந்துகொள் என்கிறான். கடைசியில் கணவனைப் பிழைக்க வைத்துவிட்டு டாக்டர் இறந்துபோகிறார். 1981இல் பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்'. வசந்தியை அவள் காதலனிடமே சேர்த்துவைக்கத் தயாராக இருக்கிறார் கணவர். காதலன், தாலி ஏறிவிட்டது என்று மறுத்துவிடுகிறான். திரையில் கைதட்டல் வாங்கிய முடிவு அது. ஆனால் வசந்திக்கு என்ன வேண்டும் என்பதை இரண்டு ஆண்கள் நின்று பேசி முடிவு செய்கிறார்கள், அவள் பக்கத்தில் நிற்கிறாள்.

மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986) இந்த வரிசையில் எனக்கு மிகவும் நெருக்கமானது. அதில் திவ்யா தன் கதையைத் தானே சொல்கிறாள், அதுவும் கட்டிய கணவனிடமே. மனோகர் என்றொருவன் இருந்தான், அவனை எனக்குப் பிடித்திருந்தது என்று தலை குனியாமல் சொல்கிறாள். டெல்லிக்குப் போன புதிதில் உனக்கு என்ன வாங்கித்தர வேண்டும் என்று கணவன் கேட்டபோது விவாகரத்து என்று சொன்னவள் அவள். அப்படி ஒரு பெண்ணை எழுதியதற்காக மணிரத்னத்துக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனாலும் மனோகர் போலீஸ் குண்டுக்குச் செத்துப்போனவனாகத்தான் இருக்க வேண்டியிருந்தது. அவன் உயிரோடு இருந்து, அவளும் அவனை நினைத்துக்கொண்டே கணவன் சந்திரகுமாரோடு குடும்பம் நடத்தினால் நம் வீடுகளில் அந்தப் படத்தை உட்கார்ந்து பார்த்திருப்பார்களா? ஆண் பழைய காதலை நினைத்தால் அது இதமான ஏக்கம். பெண் நினைத்தால் குடும்பத்துக்கு ஆபத்து. அதனால் அவளுடைய காதலன் சாக வேண்டும், இல்லையென்றால் அவளைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஆண்களின் கதையிலும் காதலி செத்துப்போவது உண்டு, '7ஜி ரெயின்போ காலனி'யும் 'வாரணம் ஆயிர'மும் இல்லையா என்று என் கணவர் கேட்டார். சரிதான். ஆனால் அந்த நினைப்பை வைத்துக்கொண்டு எந்தச் செந்திலையும் எந்தச் சண்முகத்தையும் ஊர் தவறாகப் பேசுவதில்லை. சண்முகத்தின் வீட்டில் வளர்மதி கோபப்படுகிறாள், அழுகிறாள். அவ்வளவுதான். அவன் நல்லவன் என்பதில் படத்துக்கும் சந்தேகமில்லை, பார்க்கிற நமக்கும் சந்தேகமில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் வளர்ந்தது கும்பகோணத்தில். பிளஸ் டூ படித்தது தொண்ணூறுகளின் நடுவில். பெண்கள் பள்ளி வேறு, ஆண்கள் பள்ளி வேறு. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தது டியூஷனில் மட்டும்தான். பெஞ்சு இல்லை, பாயில் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் சார் நடந்துபோக ஒரு சந்து. என் தோழி ஒருத்திக்கும் அங்கே படித்த ஒரு பையனுக்கும் பிடித்துப்போனது. பேசிக்கொண்டது கூடக் கிடையாது. கடிதம்தான். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அவளுடைய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டுக்குள் இருந்த கடிதம் அண்ணன் கையில் கிடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து டியூஷன் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அவள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்ட எங்களைத் திண்ணையோடு அனுப்பிவிட்டார்கள். பெரியப்பா ஒருவர் கெஞ்சிக் கூத்தாடியதில் பரீட்சை மட்டும் எழுத விட்டார்கள். ஹாலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவள் அம்மா மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருப்பார். ஆவணியில் கல்யாணம்.

'96' வந்த பிறகு எல்லா ஊரிலும் நடந்ததுதான் எங்கள் ஊரிலும் நடந்தது. வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள், டியூஷன் செட் எல்லோரும் ஒரு நாள் கூடினோம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். அந்தப் பையன், இப்போது தலை நரைத்த மனிதர், மிக நல்ல மனிதர், மைக்கை வாங்கிக் கதையைச் சொன்னார். சைக்கிளில் அவள் தெரு வழியாகப் போனது, கடிதத்தை நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தது, கல்யாணத்தன்று மகாமகக் குளத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருந்தது. யாரோ போனில் '96' இசையைப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், இரண்டு பேர் அழுதார்கள். என் தோழி அன்றைக்கு வரவில்லை. அவள் பெயர் மட்டும் அந்த ஹாலில் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரியே அவளுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அது அவன் கதைடி. நல்லாத்தான் சொல்லியிருப்பான். எனக்கு அந்த ஒரு மாசமும் மனசுல இருந்ததெல்லாம் ஹால் டிக்கெட் கைக்கு வருமா வராதாங்கிறது மட்டுந்தான்." இன்னும் கொஞ்சம் பொறுத்து, "அவன எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ரொம்பவே. ஆனா அத எங்கிட்ட இதுவரைக்கும் யாரு கேட்டா?" என்றாள். இதை எழுதட்டுமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் போடாதே என்றாள்.

ராமின் வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? ஜானு சம்பந்தப்பட்ட பள்ளிக்கூட நாள் சாமான்களை எல்லாம் அதில் பூட்டி வைத்திருக்கிறான். படம் முடியும்போது, அவள் அன்றைக்கு அவன் வீட்டில் மாற்றிவிட்டுப் போன உடையை மடித்து அதே பெட்டியில் வைக்கிறான். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, இப்படி ஒரு பெட்டி எங்களில் யாரிடம் இருந்தது என்பதுதான். எங்கள் செட்டில் எந்தப் பெண்ணும் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. கடிதங்கள் வெந்நீர் அடுப்பில் போயின. வாழ்த்து அட்டைகள் துண்டு துண்டாகக் கொல்லைக் கிணற்றடியில் போயின. ஆட்டோகிராப் நோட்டில் சந்தேகமாக ஒரு வரி இருந்தால் அந்தப் பக்கமே கிழிக்கப்பட்டது. கல்யாணமாகிப் போகிற வீட்டில் பீரோ சாவி மாமியார் இடுப்பில் இருக்கும்போது எதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? ஆண்களிடம் பொருள் மிஞ்சியது, அதனால் கதையும் மிஞ்சியது. அவர்களில் சிலர் சினிமாவுக்குப் போனார்கள். பெண்களிடம் மிஞ்சியது மனசுக்குள் இருந்தது மட்டும்தான், அதை வைத்து யாரும் படம் எடுக்க வரவில்லை.

முற்றிலும் வரவில்லை என்று சொல்ல முடியாது. பாரதிராஜாவின் முதல் படமே அதுதானே. '16 வயதினிலே' (1977) என்றதும் சப்பாணியும் பரட்டையும்தான் பேச்சில் வருகிறார்கள். எனக்கு அது மயிலின் முதல் காதல் படம். பத்தாவது தேறிய பெண், டீச்சராக வேண்டும் என்ற கனவு, பட்டணத்திலிருந்து வருகிற கால்நடை டாக்டர் அவளுக்கு அந்தக் கனவின் முகம் மாதிரித் தெரிகிறார். அவர் சட்டை, அவர் பேச்சு, எல்லாமே அவளுக்கு ஊருக்கு வெளியே இருக்கிற உலகம். அவர் சொன்னதற்காகப் பயிற்சிக்குப் போகாமல் நின்றுவிடுகிறாள். அவருக்கோ அவள் பொழுதுபோக்கு. ஒரு பெண்ணின் ஆசை எங்கே கிளம்புகிறது, எதைப் பார்த்து ஏமாறுகிறது என்று 1977இலேயே அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். தாவணியில் ஊஞ்சலாடுகிற ஸ்ரீதேவியின் முகத்தில் அந்த ஆசை முழுக்கத் தெரியும். பிறகு வந்த படங்கள் தாவணியை எடுத்துக்கொண்டு ஆசையை விட்டுவிட்டன.

அதற்கப்புறம் எனக்குக் கிடைத்தது 'பூ'. 2008இல் சசி எடுத்தது. ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' என்ற சிறுகதைதான் மூலம். நிறையப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள், தயவுசெய்து தேடிப் பாருங்கள். கரிசல் காட்டு ஊர். மாரிக்குத் தன் மாமன் மகன் தங்கராசு என்றால் உயிர். வகுப்பில் வாத்தியார் ஒவ்வொருவரிடமும் பெரியவனானால் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கிறார். பிள்ளைகள் டாக்டர், கலெக்டர் என்கின்றன. மாரி எழுந்து, தங்கராசுக்குப் பொண்டாட்டி ஆவேன் என்கிறாள். தியேட்டரில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படம் முடியும்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து நெஞ்சை அறுத்தது.

தங்கராசு படித்து, சென்னைக்குப் போய், வேறிடத்தில் கல்யாணம் செய்துகொள்கிறான். மாரியும் இன்னொருவனைக் கட்டிக்கொள்கிறாள். இங்கேதான் 'பூ' மற்ற எல்லாப் படத்தையும் தாண்டிப் போகிறது. மாரியின் கணவன் நல்லவன். மளிகைக் கடை வைத்திருக்கிறான், அவள் மேல் பிரியமாக இருக்கிறான். அவளும் அவனோடு சிரித்துப் பேசி, சண்டை போட்டு, நன்றாகத்தான் வாழ்கிறாள். அதே சமயம் தங்கராசுவின் மேல் இருக்கும் பிரியமும் குறையவில்லை. இரண்டும் அவளுக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கின்றன. ஊர்த் திருவிழாவுக்கு அவன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் உச்சி வெயிலில் நடந்தே கிளம்பிவிடுகிறாள். அவன் தனக்குக் கிடைக்கவில்லை என்ற குறை அவளுக்கு இல்லை. அவன் எங்கேயோ சந்தோஷமாக இருக்கிறான் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். போய்ப் பார்த்தால் அவன் சந்தோஷமாக இல்லை. மனைவியிடம் அவனுக்கு மரியாதையே இல்லை. மாரி கதறுகிறாள். எதற்கு அழுகிறாள் என்று புரியாமல் கணவன் நிற்கிறான்.

பார்வதி அந்தக் காட்சியில் நடித்திருப்பதைப் பற்றி எழுத எனக்குச் சொற்கள் போதாது. அந்த அழுகையில் காதலைத் தாண்டிய ஒன்று இருக்கிறது. அவனுக்காகத் தன் ஆசையை விட்டுக்கொடுத்தவள் அவள். அந்த விட்டுக்கொடுத்தலே வீணாகிப்போனதே என்ற ஆங்காரம் அது. ஒரு ஆண் எழுதிய கதை, ஒரு ஆண் எடுத்த படம். பெண்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டால் போதும் என்பதற்கு 'பூ'வை விடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி'யை (2012) இங்கே சேர்க்கத் தோன்றுகிறது. அது முழுக்க முழுக்கப் பையன் பக்கத்துக் கதைதான். ஆனால் தான் காதலிப்பதாக நினைக்கிற பெண் தன் தலைக்குள் மட்டுமே இருக்கிறாள், பஸ்ஸில் எதிரே நிற்கிற பூர்ணிமா வேறொரு ஆள், அவளுக்கென்று வேறொரு மனசும் வேறொரு காதலும் இருக்கிறது என்று அந்தப் படம் நேர்மையாக ஒத்துக்கொள்கிறது. அந்த நேர்மைக்கே அதை எனக்குப் பிடிக்கும். ஹலிதா ஷமீமின் 'சில்லுக்கருப்பட்டி'யில் (2019) குப்பைமேட்டில் வேலை செய்யும் ஒரு சிறுவன், ஏதோ ஒரு வீட்டிலிருந்து வரும் பிங்க் நிறப் பைக்குள் இருக்கிற பொருள்களை வைத்தே ஒரு சிறுமியின் மேல் பிரியம் வைக்கிறான். அவளிடம் அவன் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அந்த மென்மை எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது.

'பரியேறும் பெருமாள்' 2018 செப்டம்பர் 28 அன்று வந்தது. '96' அக்டோபர் 4. ஒரே வாரம் இடைவெளி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு படத்தில் நினைவு என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பரியனுக்கு, உடன் படிக்கும் ஜோவின் மேல் இருப்பது காதலா என்று பெயர் வைக்கக்கூட அனுமதி இல்லை. அவள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டதால் போனவனை அறைக்குள் போட்டு அடித்து, மேலே சிறுநீர் கழித்து அனுப்புகிறார்கள். இருபது வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்து பார்க்கிற சுகம் அவனுக்கு வாய்க்காது. மாரி செல்வராஜ் இந்தப் படத்தை எடுக்காமல் இருந்திருந்தால், தமிழில் முதல் காதல் என்பது சாதி தெரியாதவர்களின் கதையாகவே நின்றிருக்கும். 2004இல் பாலாஜி சக்திவேலின் 'காதல்' இதைத் தொட்டுப் பதறவைத்தது, பிறகு நெடுநாள் அமைதி.

ஆனால் ஜோவை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. தன் வீட்டு ஆண்கள் பரியனை என்ன செய்தார்கள் என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது. படத்தின் குறை என்று சிலர் சொன்னார்கள். அப்படி எனக்குத் தோன்றவில்லை. அந்த வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன. பெண்ணுக்குத் தெரியாமலே அவளுக்காக எல்லாம் முடிவு செய்யப்படும். ஒரு நாள் ஜோவுக்குத் தெரியவரும்போது அவள் தன் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்பது இன்னொரு படம்.

டிவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. பெண்களுக்காக, பெண்களை மையமாக வைத்து இருபது வருடத்துக்கு மேலாக மெகா தொடர்கள் ஓடுகின்றன. அவற்றில் நாயகியின் முதல் காதல் என்பது யாரோ ஒருவர் மிரட்டுவதற்குப் பயன்படும் பழைய போட்டோ. 2006இல் விஜய் டிவியில் 'கனா காணும் காலங்கள்' வந்தபோதுதான் யூனிபார்ம் போட்ட பெண்கள் தங்களுக்குள் உட்கார்ந்து, யாரைப் பிடித்திருக்கிறது என்று பயமில்லாமல் பேசுவதைச் சின்னத்திரையில் பார்த்தோம். என் அக்கா மகள் அப்போது ஒன்பதாவது. ஒரு நாள் விடமாட்டாள்.

புத்தகங்களில் நிலைமை வேறு. அங்கே நமக்கு இரண்டாயிரம் வருடச் சொத்து இருக்கிறது. குறுந்தொகையை எடுத்துப் புரட்டுங்கள். தலைவன் பேசுவதைவிடத் தலைவியும் தோழியும் பேசுவதுதான் மிகுதி. அவன் வந்தான், தொட்டான், போனான், நான் இப்படி ஆனேன், அம்மா சந்தேகப்படுகிறாள், ஊர் பேசுகிறது என்று அந்தப் பெண்கள் தோழியிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எழுதிய புலவர்களில் பலர் ஆண்கள்தான். ஆனாலும் முதல் காதலைப் பெண் குரலில்தான் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு இயல்பாகவே தோன்றியிருக்கிறது. வெள்ளிவீதியார் போன்ற பெண்களும் அங்கே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குரல் சினிமா கொட்டகைக்குள் வரும்போது எப்படி அடங்கியது என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

என் ஊர்க்காரி யமுனாவைச் சொல்லாமல் விட முடியாது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் பாபுவின் பித்துத்தான் கதை. அவனைவிடப் பத்து வயது மூத்தவள் யமுனா. அவன் தன் மனசைத் திறந்து காட்டும்போது அவள் மயங்கிவிடவில்லை. அதட்டுகிறாள், விலக்குகிறாள், வருடக்கணக்கில் தன் வாழ்க்கையைத் தானே வறுமையோடு வாழ்ந்து பார்க்கிறாள். கடைசியில் அவனிடம் வரும்போதும், இத்தனை வருடம் உன்னை ஆட்டிவைத்தது இதுதானா என்று அவனைப் பார்த்துக் கேட்க முடிகிறது அவளுக்கு. கல்லூரி நாளில் அந்த இடத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். பார்க்கப்பட்டவள் திரும்பிப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. பெருமாள்முருகனின் 'பூக்குழி'யில் சரோஜா, சோடா கடையில் வேலை செய்த குமரேசனை நம்பி அவன் ஊருக்கு வருகிறாள். பாறைமேல் இருக்கிற அந்த வீட்டை, மாமியாரின் ஒப்பாரியை, ஊர்ச் சனங்களின் பார்வையை எல்லாம் அவள் கண் வழியாகவே பார்க்கிறோம். சினிமா முடிகிற இடத்தில் அந்த நாவல் தொடங்குகிறது. படித்து முடித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

'அழகி'யைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். எனக்கு ஒரு ஆசை. தனலட்சுமி பக்கத்திலிருந்து அந்தக் கதையை யாராவது மறுபடி எடுக்க வேண்டும். நடைபாதையில் அவள் சண்முகத்தை முதலில் பார்த்த அந்த விநாடி என்ன நினைத்தாள்? மகனுக்கு ஒரு வேளைச் சோறு கிடைக்கும் என்றா, இந்தக் கோலத்தில் இவன் கண்ணில் பட்டுவிட்டோமே என்றா? அவன் வீட்டில் பாத்திரம் துலக்க ஒத்துக்கொண்டது எதனால்? அவனைத் தினமும் பார்க்கலாம் என்பதாலா, வேறு வழியே இல்லை என்பதாலா? அவன் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையைத் துடைத்து வைக்கும்போது, தான் படித்த அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் அவளுக்கு எப்படி ஞாபகம் வரும்? சண்முகத்துக்கு வருகிற மாதிரி அதே மஞ்சள் வெயிலும் இசையுமாகவா வரும்? வளர்மதி எப்படிப்பட்டவள் என்று அவள் கணித்து வைத்திருந்தாள்? ராத்திரி மகன் தூங்கிய பிறகு, ஊரில் இருந்தபோது இவர் உனக்கு யாரம்மா என்று அவன் கேட்டதற்குப் பதில் யோசித்திருப்பாளே, என்ன யோசித்தாள்?

பண்ருட்டிப் பக்கம் போய் ஒரு பத்துப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டால் திரைக்கதை கிடைத்துவிடும். என் தோழியின் நம்பர்கூட என்னிடம் இருக்கிறது, அவளும் இப்போது பேசத் தயாராக இருக்கிறாள்.